வக்கீல் அலுவலகத்தில் கட்சிக்காரரின் தகவலைக் காப்பது: முழுமையான வழிகாட்டி

ஒரு சீனியர், சில ஜூனியர்கள், ஒரு குமாஸ்தா, ஒரு டைப்பிஸ்ட் என்ற அளவில் நடக்கும் தமிழ்நாட்டு வக்கீல் அலுவலகங்களுக்கானது இது. இங்கே தகவல் கசிவது பெரும்பாலும் ஹேக்கர் புகுந்து அல்ல. ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் கிடக்கும் ஸ்கேன், பழைய மனுவிலிருந்து அழியாமல் வந்த இன்னொருவர் பெயர், வேலையை விட்டுப் போன ஜூனியரின் போனில் இன்னும் திறந்திருக்கும் அலுவலக மெயில் என்று அன்றாட வழிகளில்தான் கசிகிறது.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் சாஃப்ட்வேர் வாங்குகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ஆன்டிவைரஸ் ஓடிக்கொண்டிருக்கும். குமாஸ்தா ஆதார் நகலை வாட்ஸ்அப்பில்தான் அனுப்பிக்கொண்டிருப்பார். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படி முடிந்திருக்கிறது என்று வைத்தே எழுதப்பட்டிருக்கிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வாய்தா இல்லாத ஒரு சனிக்கிழமை மதியம், அலுவலகத்தில் வேலை செய்யும் எல்லோரும் ஒன்றாக. குமாஸ்தா இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். காகிதம் எங்கெங்கே போகிறது என்று சீனியரைவிட அவருக்குத்தான் தெரியும்.

பூட்டும் பீரோ ஒன்று. சொந்தமாக ஒரு ஸ்கேனர், பிரிண்டர். இரண்டு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். காகிதத்தைத் துண்டு துண்டாக வெட்டும் கிராஸ் கட் ஷ்ரெடர்: துண்டு 4 மி.மீ. அகலம், 40 மி.மீ. நீளத்துக்கு மிகாமல் இருந்தால் போதும். நீள நாடாவாக மட்டும் வெட்டும் மலிவு மெஷின் வேண்டாம். ஒரு பக்கத்தின் நாடாக்கள் ஒரே கொத்தாக விழும். வரிசையாக வைத்தால் படித்துவிடலாம்.

கடைசியாக, அலுவலகம் பயன்படுத்தும் எல்லா கணக்குகளின் பட்டியல்: மெயில், இ-ஃபைலிங், கிளவுட், பதிவுத்துறை லாகின், வாட்ஸ்அப் எண். ஒவ்வொன்றுக்கும் ஓ.டி.பி. யார் போனுக்குப் போகிறது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அந்தக் கட்டத்தை நிரப்பும்போதே பாதிப் பிரச்சினை கண்ணில் பட்டுவிடும்.

2. சட்டத்தில் எந்தப் பிரிவு உங்களைக் கட்டுப்படுத்துகிறது

இதை முதலில் தெரிந்துகொள்வது பயமுறுத்திக்கொள்வதற்கு அல்ல. எதைக் கட்டாயமாகச் செய்ய வேண்டும், எதை நல்ல பழக்கமாகச் செய்கிறோம் என்று பிரித்துக்கொள்வதற்காக.

பாரதிய சாக்ஷிய அதினியம் 2023-இன் 132-ஆம் பிரிவு, கட்சிக்காரர் தொழில்முறையில் சொன்னதை அவருடைய வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு படித்தவர்களுக்கு இது புதிதல்ல. புதியவர்கள் தவறவிடுவது இரண்டு. வழக்கு முடிந்த பிறகும், வக்காலத்தை மாற்றிக்கொண்டு போன பிறகும் இந்தக் கடமை தொடர்கிறது. மொழிபெயர்ப்பவர், குமாஸ்தா, அலுவலக ஊழியர் எல்லோருக்கும் இது பொருந்தும். சட்டவிரோத நோக்கத்துக்காகச் சொன்னதும், வக்கீலாக அமர்ந்த பின் நடந்த குற்றத்தையோ மோசடியையோ காட்டும் உண்மையும் விதிவிலக்கு.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ஐப் பற்றி “வக்கீல்களுக்கு விலக்கு” என்று பேச்சு உண்டு. பாதிதான் சரி. சட்ட உரிமையை நிலைநாட்டத் தேவையான தரவுக் கையாளலுக்கு 17(1) பிரிவு பல கடமைகளிலிருந்து விலக்குத் தருகிறது. ஆனால் 8(1), 8(5) இரண்டையும் விட்டுவைக்கவில்லை. 8(5) கேட்பது நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகள். அதில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். கிரையப் பத்திரம் எழுதித் தருவது, வங்கிக்கு லீகல் ஒப்பீனியன் தருவது, உங்கள் ஊழியர்களின் சம்பள விவரம் வைத்திருப்பது இவையெல்லாம் “உரிமையை நிலைநாட்டுவது” ஆகுமா என்று வாதிட இடமுண்டு. ஆகாது என்று வைத்துக்கொண்டு முழுக் கடமையோடு நடப்பதே புத்திசாலித்தனம். 2025 நவம்பரில் வெளியான விதிகளின் முக்கியப் பகுதிகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் நடைமுறைக்கு வருகின்றன. இப்போதே பழகினால் அன்று அவசரம் இருக்காது.

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆம் பிரிவில் தனிக் குற்றம்; இரண்டு ஆண்டு வரை சிறை. போக்சோ வழக்குகளில் குழந்தையின் பெயர், பள்ளி, குடும்ப விவரம் எதுவும் வெளியே போகக் கூடாது. இந்த வழக்குக் கட்டுகளுக்கு மற்றதைவிட ஒரு பூட்டு அதிகம் என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

3. காகிதம் போகும் வழியை எழுதுங்கள்

நடந்துகொண்டிருக்கும் ஒரே ஒரு வழக்கை எடுங்கள். விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்று, அதாவது எம்.சி.ஓ.பி., இதற்கு மிக நல்லது. அதில்தான் எல்லா வகைத் தகவலும் இருக்கும்: எஃப்.ஐ.ஆர்., காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, சம்பளச் சான்று, பாஸ்புக், ஆதார், ரேஷன் கார்டு.

கட்சிக்காரர் முதலில் எதை, எப்படி, யாரிடம் தந்தார் என்பதிலிருந்து தொடங்குங்கள். வாட்ஸ்அப்பில் ஜூனியருக்கு வந்தது. ஜூனியர் குமாஸ்தாவுக்கு அனுப்பினார். குமாஸ்தா ஜெராக்ஸ் கடைக்காரருக்கு அனுப்பினார். கடையில் பிரிண்ட் எடுத்தார்கள். இரண்டு பிரதி கூடுதலாக வந்து மேஜைக் கீழே போனது. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு வரி. வரியின் முடிவில் ஒரே கேள்வி: இப்போது அந்த இடத்தில் பிரதி இருக்கிறதா?

ஒரே ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி ஏழெட்டு இடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் மற்ற படிகளுக்கு அர்த்தம் வரும். “பிரதி இருக்கிறது, தேவையில்லை” என்று வரும் ஒவ்வொரு இடமும் நீங்கள் அடைக்க வேண்டிய ஓட்டை. விபத்து வழக்குத் தரகர்கள் தேடுவதும் இப்படிக் கடைகளில் கிடக்கும் காயச் சான்றுகளைத்தான்.

4. வாங்கும்போதே குறைத்து வாங்குங்கள்

உங்களிடம் இல்லாத தகவல் உங்களிடமிருந்து கசியாது. அதனால் பூட்டுப் போடுவதற்கு முன் இந்தப் படி.

“இருக்கிற எல்லா டாக்குமென்டையும் எடுத்துக்கொண்டு வாங்க” என்று சொல்லும் பழக்கத்தை நிறுத்துங்கள். முதல் சந்திப்புக்குப் பெயர், எதிர்தரப்பின் பெயர், பிரச்சினையின் தலைப்பு மட்டும் போதும். எதிர்தரப்பு ஏற்கெனவே உங்கள் கட்சிக்காரராக இருந்தால் இவருடைய கதையை முழுவதும் கேட்டதே சிக்கலாகிவிடும். இதுவரை வந்த கட்சிக்காரர்களின் பெயர்ப் பதிவேட்டைப் பார்த்த பிறகே விவரம் கேளுங்கள்.

அடையாளத்துக்கு ஆதார் வேண்டும் என்றால், மறைக்கப்பட்ட ஆதாரைக் கேளுங்கள். ஆதார் இணையதளத்திலேயே தரவிறக்கும்போது அந்தத் தேர்வு உண்டு. கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும். இதில் ஒரு நுணுக்கம்: அந்த பி.டி.எஃப். கேட்கும் பாஸ்வேர்டு, பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும் சேர்ந்தது. பெயரும் வயதும் தெரிந்த யாரும் திறந்துவிடலாம். அதைப் பூட்டு என்று நம்பி மெயிலில் அனுப்பாதீர்கள்.

மூலப் பத்திரத்தைக் கேட்காமல் சான்றிட்ட நகலில் வேலை நடக்குமானால் நகலே போதும். மூலப் பத்திரம் வாங்கியே ஆக வேண்டும் என்றால் அன்றே இரண்டு பிரதியில் ரசீது எழுதுங்கள்: ஆவண எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம், பக்கங்களின் எண்ணிக்கை. அதைக் கட்டோடு சேர்த்துத் துளை போட்டுக் கோர்க்கக் கூடாது. தனிக் கவரில், பீரோவில்.

5. ஒரு கட்சிக்காரர், ஒரு பெட்டி

காகிதத்திலும் கம்ப்யூட்டரிலும் ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் தனி இடம். “ஸ்கேன்”, “நியூ ஃபோல்டர் 2”, “டெஸ்க்டாப் பழசு” என்று எல்லோருடையதும் கலந்து கிடக்கும் ஃபோல்டர்களைக் கலைத்து, கட்டு எண் வாரியாகப் பிரியுங்கள்.

இதற்கு ஒழுங்கைத் தாண்டிய காரணம் உண்டு. வக்கீல்களுக்குப் புலனாய்வு அமைப்புகள் சம்மன் அனுப்புவது குறித்து உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபர் 31 அன்று தீர்ப்பளித்தது. 132-ஆம் பிரிவின் விதிவிலக்குக்குள் வராமல் வக்கீலுக்குச் சம்மன் அனுப்பக் கூடாது. விதிவிலக்கில் அனுப்பினாலும் எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியின் ஒப்புதல் எழுத்தில் வேண்டும். வக்கீலின் டிஜிட்டல் கருவியைக் கேட்டால் அதை நீதிமன்றத்தில்தான் ஒப்படைக்க வேண்டும். வக்கீலும் கட்சிக்காரரும் இருக்கும்போதுதான் திறக்க வேண்டும். மற்ற கட்சிக்காரர்களின் ரகசியம் பாதிக்கப்படக் கூடாது. இந்த உரிமையை நீங்கள் கேட்டு வாங்கலாம். ஆனால் லேப்டாப்பில் ஐம்பது பேருடைய ஃபைல்கள் ஒரே ஃபோல்டரில் கலந்து கிடந்தால், எது யாருடையது என்று நீங்களே பிரித்துக் காட்ட முடியாது.

ஃபைல் பெயரில் கட்சிக்காரர் பெயரையும் வழக்கின் தன்மையையும் சேர்த்து எழுதாதீர்கள். பகிரும்போது போன் திரையில் முதலில் தெரிவது ஃபைல் பெயர்தான். விவாகரத்து, பராமரிப்பு, போக்சோ கட்டுகளுக்கு அலுவலக எண் மட்டும்: ஆண்டு, வரிசை எண். அதே எண்தான் கட்டின் மேலட்டையான டாக்கெட்டிலும். பெயரோடு பொருத்தும் பதிவேடு ஒன்றே ஒன்று, பீரோவில்.

மேஜை மேல் கட்டுகளைக் குப்புற வைப்பதும் இதில் சேரும். காத்திருக்கும் கட்சிக்காரருக்குச் செய்ய வேறு வேலை இல்லை. டாக்கெட்டில் உள்ள பெயரை எல்லாம் படிப்பார். சின்ன ஊரில் அது போதும்.

6. சாவி யாரிடம்

முதல் படியில் எடுத்த கணக்குப் பட்டியலை இப்போது திறங்கள்.

எல்லோருக்கும் தெரிந்த ஒரே பாஸ்வேர்டில் ஒரே அலுவலக மெயில் என்ற ஏற்பாட்டை முதலில் உடையுங்கள். ஆளுக்கு ஒரு லாகின், ஒவ்வொன்றுக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு. காரணம் எளிது: பொது லாகினில் யார் எதைத் திறந்தார், அழித்தார் என்று தெரியாது, ஒருவர் போனால் எல்லோருக்கும் பாஸ்வேர்டு மாற்ற வேண்டும் என்பதால் யாரும் மாற்றுவதே இல்லை. 2025 தரவுப் பாதுகாப்பு விதிகளும் அணுகல் கட்டுப்பாட்டையும், யார் எப்போது அணுகினார் என்ற பதிவை ஓராண்டு வைத்திருப்பதையும் கேட்கின்றன.

இ-ஃபைலிங் கணக்கு சீனியர் பெயரில் இருக்கும், ஓ.டி.பி. குமாஸ்தாவின் போனுக்குப் போகும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் அதன் ரகசிய எண் (PIN) எழுதிய சீட்டும் ஒரே டிராயரில் கிடக்கும். இரண்டையும் இன்றே மாற்றுங்கள். டோக்கன் என்பது உங்கள் கையெழுத்து.

கம்ப்யூட்டர்களில் முழு டிஸ்க் என்கிரிப்ஷனை, அதாவது சாவி இல்லாமல் டிஸ்கில் எதையும் படிக்க முடியாதபடி செய்யும் வசதியை, இயக்குங்கள். விண்டோஸ் புரோ பதிப்பில் பிட்லாக்கர் உள்ளே இருக்கிறது. ஹோம் பதிப்பில் பல லேப்டாப்களில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் கிடைக்கும். லாகின் பாஸ்வேர்டு மட்டும் போதாது: டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் எல்லாம் திறந்துவிடும். மீட்பு எண்ணைப் பிரிண்ட் எடுத்துப் பீரோவில் வையுங்கள். அது இல்லாமல் மதர்போர்டு மாற்றப் போய், சொந்தக் கட்டுகளையே திறக்க முடியாமல் போகலாம்.

பேக்கப்புக்கு இரண்டு டிஸ்க் கேட்டது ஏன் என்றால், ஒன்று எப்போதும் கம்ப்யூட்டரில் இருந்து கழற்றி, வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். மாட்டியே இருக்கும் டிஸ்கை ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ், சேர்த்தே பூட்டிவிடும். இரண்டு டிஸ்கும் என்கிரிப்ட் ஆகியிருக்க வேண்டும். மாதம் ஒருமுறை ஒரு ஃபைலையாவது பேக்கப்பிலிருந்து எடுத்துத் திறந்து பாருங்கள்.

7. மனு தயாரிக்கும்போது

தகவல் கசிவில் மிகச் சங்கடமானது இங்கேதான் நடக்கிறது, ஏனென்றால் கசிந்த தகவலை நீங்களே நீதிமன்றத்தில் தாக்கல் செய்துவிடுகிறீர்கள்.

வழக்கமான முறை இது: பழைய மனுவைத் திறப்பது, பெயரை மாற்றுவது, சேமிப்பது. ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போட்டால் எல்லாம் மாறிவிடும் என்று நினைப்பார்கள். தமிழில் மாறாது. “செல்வம்” என்று தேடினால் “செல்வத்தின்”, “செல்வத்திடம்”, “செல்வத்துக்கு” எதுவும் சிக்காது. பத்தி ஏழில் முந்தைய கட்சிக்காரர் அப்படியே உட்கார்ந்திருப்பார். பழைய மனு யூனிகோடில் இல்லாமல் பழைய எழுத்துருவில் அடித்ததாக இருந்தால் பெயரைத் தேடினால் எதுவுமே கிடைக்காது. “இல்லை” என்று கம்ப்யூட்டர் சொல்வதை நம்பித் தாக்கல் செய்துவிடுவார்கள்.

இதற்கு வழி, மனு வகைக்கு ஒன்றாக வெற்று மாதிரிகளைத் தயார் செய்வது. பெயர், முகவரி, தேதி, தொகை வரும் இடமெல்லாம் கோடிட்டு, மஞ்சள் வண்ணம் பூசி, டெம்ப்ளேட்டாகவே சேமிக்க வேண்டும். விவாகரத்து, பராமரிப்பு, எம்.சி.ஓ.பி., நிரந்தரத் தடையுத்தரவு, ஜாமீன் என்ற ஐந்துக்குச் செய்தாலே பெரும்பாலான வேலை அடங்கும். பழைய மனுவைத்தான் எடுக்க வேண்டும் என்றால், பெயரின் மாறாத பகுதியை மட்டும் தேடுங்கள்: “செல்வ”. தந்தை பெயர், ஊர், சர்வே எண், வண்டி எண் ஆகியவற்றுக்கும் தனித்தனியாக.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாதது. வேர்டு ஃபைலின் பண்புகளில் தலைப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறது. பழைய மனுவை வேறு பெயரில் சேமித்தாலும் அது மாறாது. பி.டி.எஃப். ஆக்கி எதிர்தரப்பு வக்கீலுக்கு அனுப்பினால், அவர் பிரௌசரில் திறக்கும்போது மேலே டேபில் முந்தைய கட்சிக்காரரின் வழக்குத் தலைப்பு தெரியும். அனுப்பும் முன் ஃபைல், இன்ஃபோ, இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட் என்று போய் பண்புகள், கமென்ட், டிராக் சேஞ்சஸ் மூன்றையும் நீக்குங்கள். எக்செல் என்றால் மறைத்து வைத்த ஷீட்டுகளையும் பாருங்கள். எதிர்தரப்புக்கு வேர்டு ஃபைலே அனுப்ப வேண்டாம். ராஜிப் பத்திர வரைவு போல அனுப்பியே ஆக வேண்டிய இடத்தில், உள்ளடக்கத்தைப் புதிய ஃபைலில் ஒட்டி அனுப்புங்கள்.

இலவச ஏ.ஐ. கருவியிலோ மொழிபெயர்ப்புத் தளத்திலோ வாதியின் கதையை அப்படியே ஒட்டுவது, கட்சிக்காரர் சொன்னதை வெளியாள் ஒருவரிடம் தருவதுதான். பெயர், ஊர், எண், தேதி எல்லாவற்றையும் “மனுதாரர்”, “எதிர்மனுதாரர் 1” என்று மாற்றிய பிறகும், வழக்கின் சம்பவமே ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்றால் அங்கே ஒட்டாதீர்கள்.

8. மறைத்தது உண்மையில் மறைந்ததா

ஆதார் எண்ணின் முதல் எட்டு இலக்கம், வங்கிக் கணக்கு எண், சிறார் பெயர், வழக்குக்குத் தொடர்பில்லாத மருத்துவக் குறிப்பு: தாக்கல் செய்யும் நகலில் இவற்றை மறைக்க வேண்டும். ஆதார் சட்டத்தின் 29-ஆம் பிரிவு ஆதார் எண்ணைப் பொதுவெளியில் வெளியிடுவதைத் தடுக்கிறது. மறைக்கக் கூடாது என்று நீதிமன்றமோ விதியோ கேட்கும் இடத்தில் முழு எண்ணை மூடிய உறையில் தர அனுமதி கேளுங்கள்.

பி.டி.எஃப். மேல் கறுப்புச் சதுரம் வரைவது மறைப்பு ஆகாது. சதுரம் மேலே இருக்கும். எழுத்து அடியில் இருக்கும். சரிபார்க்க, அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். எண் வந்தால் மறையவில்லை. ரிடாக்ட் வசதி உள்ள பி.டி.எஃப். மென்பொருள் எழுத்தையே நீக்கும். அது இல்லையென்றால் பக்கத்தைப் படமாக மாற்றி, படத்தில் கறுப்பு அடித்து, மறுபடி பி.டி.எஃப். ஆக்கி, அதன்பின் எழுத்துணரி (படத்தில் உள்ளதைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் ஓ.சி.ஆர்.) ஓட்டுங்கள். எழுத்துணரியை முன்பே ஓட்டினால் அது எழுதிய கண்ணுக்குத் தெரியாத எழுத்து வரி உள்ளேயே தங்கிவிடும்.

காகிதத்தில் என்றால் மார்க்கரால் அடித்ததும் நேராக ஸ்கேன் செய்யக் கூடாது. வெளிச்சத்தில் அடியெழுத்து தெரியும். மார்க்கர் அடித்த தாளை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை ஸ்கேன் செய்ய வேண்டும்.

ஆதார் அட்டையில் எண்ணை மறைத்துவிட்டுக் கியூ.ஆர். கோடை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும். அதை ஸ்கேன் செய்தால் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் வந்துவிடும். இரண்டையும் மூடுங்கள்.

பராமரிப்பு வழக்கில் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பின்படி (2020) சொத்து, கடன் விவரப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தாக வேண்டும். நகல் எதிர்தரப்புக்குப் போகும். இதில் வருமானத்தையோ பணவரவையோ மறைக்கக் கூடாது. ஆனால் பிரிந்து வாழும் மனைவியின் இப்போதைய வீட்டு முகவரி பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது உங்கள் பொறுப்பு. அவருக்கு மிரட்டல் இருந்தால், முகவரியை மறைக்க நீதிமன்றத்தில் அனுமதி கேட்டுவிட்டே நகலைத் தாருங்கள்.

9. ஜெராக்ஸ் கடையும் இ-ஃபைலிங்கும்

கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கோ மெயிலுக்கோ எதையும் அனுப்ப வேண்டாம். அவருடைய கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அந்த வளாகத்தின் எல்லா வக்கீல்களுடைய மனுக்களும் இருக்கும். வெளியில் அடித்தே ஆக வேண்டும் என்றால் பென் டிரைவிலிருந்து நேராகப் பிரிண்ட் கொடுத்து, கம்ப்யூட்டரில் நகல் எடுக்கவில்லை என்று பார்த்துவிட்டு வாருங்கள். அந்தப் பென் டிரைவில் அன்றைய ஃபைல் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது.

பிழையாக அடித்த தாள்களை அங்கே விடக் கூடாது. நீதிமன்ற வாசலில் வடை வாங்கினால் யாரோ ஒருவருடைய பிரமாணப் பத்திரம் எண்ணெயோடு கையில் வருவது இதனால்தான். அலுவலகத்தில் பின்பக்கம் எழுத வைக்கும் ஒருபக்கத் தாள் கட்டும் இதே கதை. அதைச் சுத்தமாக நிறுத்துங்கள்.

பெரிய ஜெராக்ஸ் மெஷின்கள் பலவற்றில் உள்ளே ஹார்ட் டிஸ்க் உண்டு. எடுத்த நகலின் படம் அதில் தங்கலாம். வாடகை மெஷினைத் திருப்பித் தரும்போது டிஸ்கைத் துடைத்ததாக எழுத்தில் வாங்குங்கள்.

இ-ஃபைலிங்கில் ஃபைல் சைஸ் அதிகம் என்று வந்தால் குமாஸ்தா உடனே ஒரு இலவச இணையதளத்தில் ஏற்றிச் சுருக்குவார். கட்சிக்காரரின் முழுக் கட்டும் முகம் தெரியாத சர்வருக்குப் போய்விட்டது. சைஸ் கூடுவதற்குக் காரணம் கலரில், 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தது. எழுத்துப் பக்கங்களைக் கறுப்பு வெள்ளையில் 300 டி.பி.ஐ. வைத்தாலே ஃபைல் பல மடங்கு சிறுக்கும். ஃபோட்டோவும் வரைபடமும் மட்டும் கலரில்.

10. கட்சிக்காரரோடு பேசும் வழி

முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி: “இந்த போனை வீட்டில் வேறு யாராவது எடுப்பார்களா?” குடும்ப வழக்கில் எதிர்தரப்பு ஒரே வீட்டில் இருக்கலாம். வாய்தா தேதியை எந்த எண்ணுக்கு, எந்த நேரத்தில், எப்படிச் சொல்வது என்று கட்சிக்காரரே சொல்லி, நீங்கள் எழுதிவைக்க வேண்டும். “விவாகரத்து மனு ரெடி, கையெழுத்துப் போட வாங்க” என்று அனுப்புவதற்குப் பதில் “ஆபீசுக்கு ஒரு போன் பண்ணுங்க” போதும்.

வாட்ஸ்அப்பை அலுவலகத்துக்கென்று தனி எண்ணில், தனி போனில் வையுங்கள். அதில் மூன்று அமைப்புகள். மீடியா தானாக கேலரியில் சேர்வதை நிறுத்துங்கள். இல்லையென்றால் காயத்தின் படங்கள் குடும்பப் படங்களோடு சேர்ந்து கிளவுடுக்கும் போகும். லிங்க்டு டிவைசஸ் பட்டியலை வாரம் ஒருமுறை பார்த்து, தெரியாத கருவியை நீக்குங்கள். பேக்கப்புக்கான என்ட்-டு-என்ட் என்கிரிப்ஷனைத் தனியாக இயக்குங்கள். உரையாடல் என்கிரிப்ட் ஆனது என்பதால் பேக்கப்பும் ஆகிவிட்டது என்று அர்த்தமல்ல.

தானாக மறையும் செய்தியைப் போட்டுவிட்டால் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். கட்சிக்காரர் தந்த அறிவுறுத்தலும் சேர்ந்து மறைந்துவிடும். பிறகு “நான் அப்படிச் சொல்லவே இல்லை” என்றால் காட்ட எதுவும் இருக்காது. முக்கிய அறிவுறுத்தலைக் கட்டில் சேர்த்த பிறகே அழியுங்கள்.

மெயிலில் முகவரி தானாக நிரம்புவதை அணைத்துவிடுங்கள். ஒரே பெயரில் உங்கள் கட்சிக்காரரும் எதிர்தரப்பு வக்கீலும் இருப்பது அபூர்வமல்ல. ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்பப் பெறும் நேரத்தை அதிகபட்சமான 30 வினாடிக்கு மாற்றுங்கள். டிரைவ் லிங்க் பகிரும்போது “லிங்க் உள்ள யாரும்” என்பதை ஒருபோதும் தேர்ந்தெடுக்காதீர்கள். மெயில் முகவரி போட்டுப் பகிர்ந்து, வேலை முடிந்ததும் நீக்குங்கள்.

11. ஆட்கள் வரும்போதும் போகும்போதும்

சேரும் நாளில் ஒரு பக்க ரகசிய உறுதிமொழி, தமிழில். 132-ஆம் பிரிவு ஊழியரையும் கட்டும் என்ற வரி அதில் இருக்கட்டும். டைப்செட் (வழக்கு ஆவணங்களைத் தட்டச்சு செய்த தொகுப்பு) தயாரிக்கும் வெளி மொழிபெயர்ப்பாளர், கம்ப்யூட்டர் சரிசெய்பவர், இன்டர்ன் மாணவர் எல்லோரிடமும் இதே கையெழுத்து. ஜூனியர்கள் வாட்ஸ்அப் குழுக்களில் “இப்படி ஒரு கேஸ், எந்தத் தீர்ப்பு போடலாம்” என்று கேட்பதற்கும் ஒரு வரம்பு சொல்லுங்கள்: கேள்வியில் சட்டம் மட்டும், ஊரும் தேதியும் கூடாது.

விலகும் நாளில் அன்று மாலைக்குள்: லாகின் நீக்கம், லிங்க்டு டிவைஸ் நீக்கம், சாவி, சொந்த போனில் உள்ள கட்டுகளை எதிரில் அழித்தல். நல்லவிதமாகப் பிரிந்தவர்களுக்கும் இதேதான். மனக்கசப்பில் போனவருக்கு மட்டும் செய்தால் அது அவமதிப்பாகிவிடும்.

12. வழக்கு முடிந்ததும்

மூல ஆவணங்களை ரசீது வாங்கிக்கொண்டு திருப்பித் தாருங்கள். அடையாளச் சான்று நகல், பாஸ்புக், மருத்துவ நகல்களில் தாக்கல் செய்யாத கூடுதல் பிரதிகள் அன்றே ஷ்ரெடருக்கு.

மீதியை எவ்வளவு காலம் வைப்பது? மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை முழுக் கட்டு. சிவில் டிக்ரியை நிறைவேற்ற காலவரம்புச் சட்டத்தின் 136-ஆவது கூறு 12 ஆண்டு தருவதால், தீர்ப்பு, டிக்ரி, வக்காலத்து, முக்கியக் கடிதங்கள் அதுவரை இருக்கலாம். நிரந்தரத் தடையுத்தரவு டிக்ரிக்கு அந்த வரம்பும் இல்லை. அதைத் தனியாகக் குறித்து வையுங்கள். கட்டின் மேல் “அழிக்க வேண்டிய ஆண்டு” என்று முடிக்கும் நாளிலேயே எழுதாவிட்டால் அது பரணில்தான் கிடக்கும்.

பழைய கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள். எஸ்.எஸ்.டி.யில் ஃபைலை அழிப்பது நம்பகமில்லை. முதலிலிருந்தே என்கிரிப்ட் செய்திருந்தால் முழுவதும் ஃபார்மேட் செய்வது போதும். இல்லையென்றால் டிஸ்கைக் கழற்றி உடைத்துவிடுங்கள்.

13. கசிந்துவிட்டால்

முதல் ஒரு மணி நேரத்தில் யார் தவறு என்று பேசக் கூடாது. போன் தொலைந்தால்: வேறு கருவியிலிருந்து கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கில் நுழைந்து தொலைவிலிருந்தே அழிப்பது, சிம்மை முடக்குவது, மெயிலின் எல்லா செஷன்களையும் வெளியேற்றுவது, அதே எண்ணில் புது சிம் வாங்கி வாட்ஸ்அப்பை மறுபடி பதிவது. இந்த வரிசை முக்கியம்: சிம்மை முதலில் முடக்கினால் போன் இணையத்தில் வராது, அழிக்கும் கட்டளையும் போய்ச் சேராது. போலீஸ் புகார் எண் கிடைத்ததும் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தின் வழியாக ஐ.எம்.இ.ஐ. எண்ணை முடக்கலாம்.

தவறான ஆளுக்கு மெயில் போயிருந்தால், அழிக்கும்படியும் அழித்ததை எழுத்தில் உறுதி செய்யும்படியும் உடனே கேளுங்கள். எதிர்தரப்பு வக்கீலுக்குப் போயிருந்தால் போனில் பேசிவிட்டு, அது 132-ஆம் பிரிவின் கீழ் பாதுகாக்கப்பட்டது என்று அன்றே மெயிலும் அனுப்புங்கள்.

ரான்சம்வேர், கணக்குத் திருட்டு போன்றவற்றை மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 உத்தரவு சொல்கிறது. பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930. தரவுப் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்ததும், அவை பொருந்தும் தகவலுக்கு தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் உடனே தெரிவித்து, 72 மணி நேரத்துக்குள் முழு விவரமும் தர வேண்டியிருக்கும்.

பாதிக்கப்பட்ட கட்சிக்காரருக்கு அன்றே சொல்லுங்கள், 17-ஆம் பிரிவு விலக்கு இருந்தாலும். போனில் பேசிய பிறகு எழுத்திலும் தாருங்கள். அதில் நான்கு விஷயம் இருந்தால் போதும். எது போனது, எப்போது, நாங்கள் என்ன செய்துவிட்டோம், நீங்கள் என்ன செய்ய வேண்டும். உதாரணமாக: “நேற்று மாலை எங்கள் அலுவலக போன் தொலைந்தது. அதில் உங்கள் பாஸ்புக் முதல் பக்கமும் ஆதார் நகலும் இருந்தன. இரவு 8 மணிக்கு போனைத் தொலைவிலிருந்து அழித்துவிட்டோம். ஆதார் பயோமெட்ரிக்கை ஆதார் செயலியில் பூட்டிவைத்து, வங்கியில் சொல்லிவையுங்கள், ஓ.டி.பி. கேட்டு யார் கூப்பிட்டாலும், எங்கள் அலுவலகப் பெயரைச் சொன்னாலும், தராதீர்கள்.”

“சில தகவல்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம்” என்று பொதுவாக எழுதி அனுப்பினால் அவர் எதைப் பூட்டுவது என்று தெரியாமல் உங்களுக்கே பத்து முறை போன் செய்வார்.